கர்ப்பிணிக்கு அல்லாஹ் தந்த சலுகைகளைப் பறிக்காதீர்கள்

ரமலான் நெருங்கினால் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். கர்ப்பிணி தொழும் இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) மற்றவர்கள் தொழும் எண்பது ரக்அத்தை விடச் சிறந்தது. அவளுக்குப் பகலெல்லாம் நோன்பு வைத்து இரவெல்லாம் நின்று வணங்கிய நன்மை. ஒவ்வொரு வலிக்கும் ஓர் அடிமையை உரிமையிட்ட நன்மை என்று பட்டியல் நீளும். எண்பது ரக்அத் கணக்குக்கு ஆதாரமான ஹதீஸ் கிடையாது. மற்றவற்றில் பல, நபியவர்களின் மகன் இப்ராஹீமைப் பராமரித்த ஸலாமா என்ற பெண்மணி கேட்டதாக வரும் ஓர் அறிவிப்பிலிருந்து எடுத்தவை. அதை ஹதீஸ் அறிஞர் இப்னுல் ஜவ்ஸி இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்திருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் நபி (ஸல்) சொல்லாததை அவர்கள் சொன்னதாகப் பரப்புவது பெரிய பாவம்.

கர்ப்பிணியின் மதிப்பைச் சொல்ல இட்டுக்கட்ட வேண்டிய தேவையே இல்லை. குர்ஆன் 46:15 வசனத்தைப் பாருங்கள். பெற்றோர் இருவருக்கும் நன்மை செய்யச் சொன்ன கையோடு வசனம் தாயிடம் மட்டும் போய் நிற்கிறது. சிரமத்தோடு சுமந்தாள், சிரமத்தோடு பெற்றாள், அவனைச் சுமந்ததும் பால் மறக்கடித்ததும் முப்பது மாதம். 31:14 வசனம் அதையே ‘வஹ்னன் அலா வஹ்ன்’, பலவீனத்தின் மேல் பலவீனம் என்கிறது. நான் அழகிய முறையில் நடந்துகொள்ள அதிகத் தகுதி உள்ளவர் யார் என்று ஒரு மனிதர் கேட்டபோது நபி (ஸல்) மூன்று தடவை ‘உன் தாய்’ என்று சொல்லி, நான்காவதாகத்தான் தந்தையைச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. சுமந்தது, பெற்றது, பாலூட்டியது என்று தாய்க்கு மட்டும் உரிய மூன்று சிரமங்களுக்கு அந்த மூன்று தடவையும் ஈடு என்று விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

அந்த முப்பது மாதம் சட்டமாகவும் ஆனது. 2:233 வசனம் பால்குடியை முழுமையான இரண்டு வருடம் என்கிறது. முப்பதில் இருபத்து நான்கு போனால் ஆறு. ஆறு மாதத்தில் பிள்ளை பெற்ற ஒரு பெண் மீது பழி விழுந்தபோது அலி (ரலி) இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வைத்து வாதாடினார்கள். கர்ப்பத்தின் குறைந்தபட்சக் காலம் ஆறு மாதம் என்று பிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களில் இன்றும் இருப்பது அங்கிருந்து வந்ததுதான். ஒரு பெண்ணின் மானத்தைக் காக்க வசனத்தைக் கணக்குப் போட்டு வாசித்திருக்கிறார்கள்!

கர்ப்பிணிக்கும் தாய்க்கும் மார்க்கம் கொடுத்த இடம் சட்டங்களில்தான் பளிச்சென்று தெரிகிறது. விபச்சாரத்தை ஒப்புக்கொண்டு, தன் மீது தண்டனையை நிறைவேற்றச் சொல்லி வந்த காமிதிய்யா (காமித் குலத்துப்) பெண்ணை நபி (ஸல்) பிள்ளை பெறும்வரை திருப்பி அனுப்பினார்கள். பெற்று வந்ததும், பால் மறக்கடித்துவிட்டு வா என்று மறுபடியும் அனுப்பினார்கள். அல்லாஹ்வின் தண்டனைச் சட்டமே வயிற்றுப் பிள்ளைக்காகவும் பால்குடிப் பிள்ளைக்காகவும் காத்திருந்தது. ஜமாஅத்தில் நீளமாகத் தொழ வைக்க நினைத்து நின்ற நபி (ஸல்), குழந்தை அழும் சத்தம் கேட்டால் தாய் தவித்துப் போவாள் என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். தன் கட்டளைகள் பேணப்படுவதைப் போலவே தான் தந்த சலுகைகள் எடுத்துக்கொள்ளப்படுவதையும் அல்லாஹ் விரும்புகிறான் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. சலுகையை எடுப்பதும் இபாதத்துதான். நம் வீடுகளில் பறிபோவது பெரும்பாலும் இதுதான் என்பதால் இனி விவரமாகவே பார்ப்போம்.

நோன்பு

பயணிக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பில் அல்லாஹ் சலுகை தந்துவிட்டான் என்ற ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. மத்ஹபுகள் (மார்க்கச் சட்டப் பள்ளிகள்) வேறுபடுவது அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதில்தான். தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பாலும் ஷாஃபி, உள்மாவட்டங்களில் பெரும்பாலும் ஹனஃபி. ஒரே வீட்டில் மாமியார் ஒரு மத்ஹபும் மருமகள் ஒரு மத்ஹபுமாக இருப்பதும் சகஜம். அதனால் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஹனஃபியில், தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சி விட்ட நோன்புகளைப் பிறகு களா வைத்தால் (விட்டதைத் திரும்ப வைத்தால்) போதும். ஷாஃபியில், தன் உடலுக்கு அஞ்சியோ தனக்கும் பிள்ளைக்கும் சேர்த்து அஞ்சியோ விட்டால் களா மட்டும். பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டால் களாவோடு, நோன்பு ஒன்றுக்கு ஒரு முத் உணவு ஃபித்யாவும் (ஈடாகக் கொடுப்பது) சேரும். ஒரு முத் என்பது நடுத்தரமான இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. அரிசியில் சுமார் 600 முதல் 750 கிராம் வரை கணக்கிடுகிறார்கள். முப்பது நோன்புக்கு 18 முதல் 22.5 கிலோ. அந்தந்த ஊர் மக்கள் சாப்பிடும் அரிசியாகவே ஏழைக்குக் கொடுக்க வேண்டும். களா வைக்காமல் ஃபித்யா மட்டும் போதும் என்ற கருத்து இப்னு அப்பாஸ் (ரலி), இப்னு உமர் (ரலி) ஆகியோரிடமிருந்து வருகிறது. நான்கு மத்ஹபுகளும் அதன்படி போகவில்லை. ‘ஃபித்யா கொடுத்துட்டேன், முடிஞ்சது’ என்று இருப்பவர்கள் ஒரு தடவை ஆலிமிடம் கேட்டுவிடுங்கள்.

அச்சம் என்றால் வெறும் மனக் கிலேசம் போதாது. டாக்டர் சொல்லியிருக்க வேண்டும், அல்லது போன நோன்பில் பட்ட அனுபவம் இருக்க வேண்டும், அல்லது உடலில் அடையாளம் தெரிய வேண்டும். தலைசுற்றல், சிறுநீர் அடர்மஞ்சளாகிக் குறைவது, பிள்ளையின் அசைவு வழக்கத்தை விடக் குறைவது, கர்ப்பகாலச் சர்க்கரை எல்லாம் அடையாளங்களே. பகலில் இப்படி ஆனால் மஃக்ரிபு வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. அந்த இடத்திலேயே தண்ணீர் குடித்து நோன்பை விட வேண்டும். பிள்ளையின் அசைவு குறைந்திருந்தால் நோன்பை விட்டதோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். குமட்டி வாந்தி தானாக வந்தால் நோன்பு முறியாது, வந்ததை விழுங்காமல் வாயைக் கொப்பளித்தால் போதும். விரலை விட்டு வேண்டுமென்றே எடுத்தால்தான் முறியும். மசக்கையில் இருக்கும் பெண்கள் இது தெரியாமல் காலையிலேயே நோன்பு போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தடுத்துக் கர்ப்பம், பாலூட்டல் என்று போனால் களா சேர்ந்துகொண்டே வரும். காரணம் நீடிக்கும்வரை தாமதத்துக்குக் குற்றம் இல்லை. வைக்க முடிந்தும் அடுத்த ரமலான் வரை தள்ளிப்போட்டால் ஷாஃபியில் நோன்புக்கு ஒரு முத் கூடுதலாகச் சேரும். எந்த வருடத்தில் எத்தனை விட்டது என்று எழுதி வையுங்கள். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு யோசித்தால் நினைவு வராது. கணவன்மார்களுக்கும் ஒன்று. களா நோன்பு வைக்க வசதியாக அவளுக்கு ஸஹரும் ஓய்வும் ஏற்பாடு செய்து தருவது உங்கள் பங்கு.

தொழுகை

தொழுகைக்கு விலக்கு இல்லை, முறையில்தான் சலுகை. மூலநோயால் சிரமப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்), நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதற்கும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்றார்கள். எட்டாம் மாதத்தில் நிற்க முடியும், ஸஜ்தாவுக்கு (நெற்றியைத் தரையில் வைப்பது) குனிய முடியாது என்ற நிலைதான் அதிகம். ஷாஃபியில் நிற்க வேண்டிய நேரத்தில் நின்று ஓதிவிட்டு, ஸஜ்தாவை நாற்காலியில் உட்கார்ந்து சைகையால் செய்ய வேண்டும். ஹனஃபியில் ஸஜ்தாவே செய்ய முடியாதவருக்கு நிற்பதும் கட்டாயம் இல்லை, முழுவதையும் உட்கார்ந்து தொழலாம். சைகையில் ஸஜ்தாவுக்கு ருகூஉவை (இடுப்பளவு குனிவது) விடக் கூடுதலாகத் தலையைத் தாழ்த்த வேண்டும். முன்னால் மேசையோ தலையணையோ வைத்து அதில் நெற்றியை முட்டத் தேவையில்லை.

வாய் நிறைய வாந்தி எடுத்தால் ஹனஃபியில் உளூ (தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவிய சுத்தம்) முறியும், ஷாஃபியில் முறியாது. ஆனால் துணியில் பட்டதைக் கழுவ வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று. பனிக்குடம் உடைந்து நீர் வந்தால் உளூதான் போகும், தொழுகை போகாது. வலி ஆரம்பித்து, பிள்ளை வெளிவரும் முன் வருகிற இரத்தமும் இரு மத்ஹபிலும் நிஃபாஸ் (பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தம்) அல்ல. சுயநினைவோடு முடிந்த விதத்தில் தொழ வேண்டிய நேரம் அது. படுத்த நிலையில் சைகையால்கூடத் தொழலாம்.

பிரசவ அறையில் கத்துவதையும் ‘செத்துப்போயிடலாம் போல இருக்கு’ என்று அழுவதையும் ஈமான் குறைவாகப் பேசும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மர்யம் (அலை) அவர்களைப் பற்றி 19:23 வசனம் சொல்வதைக் கேளுங்கள். வலி அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு போனது. இதற்கு முன்பே நான் இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் சொன்னார்கள். அகிலத்துப் பெண்களை விடத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் வாயிலிருந்து வந்த சொல் அது. அல்லாஹ் கண்டிக்கவில்லை. கவலைப்படாதே என்ற குரல் வந்தது, காலடியில் நீரோடை வந்தது, மரத்தை உலுக்கினால் பழுத்த பேரீச்சை விழும் என்று வந்தது. உண், பருகு, கண் குளிர்ந்திரு என்று முடிகிறது. பிரசவத்துக்கு உடன் போகிறவர்கள் செய்ய வேண்டிய வேலை முழுவதும் அந்த நான்கு வசனங்களில் இருக்கிறது.

பிரசவத்தில் இறக்கும் பெண் ஷஹீது (உயிர்த்தியாகி) என்று ஜாபிர் இப்னு அதீக் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் உண்டு. அந்த அந்தஸ்து மறுமைக்குரியது. குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுதுதான் அடக்க வேண்டும். இந்த ஹதீஸைச் சொல்லி சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு மார்க்கத்தில் துளியும் இடமில்லை. ‘உங்கள் கைகளாலேயே அழிவில் போய் விழாதீர்கள்’ என்பதும் குர்ஆன்தான் (2:195).

நாற்பது நாள் கணக்கு

எங்கும் அதிகமாகத் தவறுவது இங்கேதான். நாற்பது நாள் என்பது எல்லாரும் காத்திருக்க வேண்டிய கட்டாய அளவு அல்ல. ஹனஃபியில் நிஃபாஸின் உச்சம் 40 நாள். ஷாஃபியில் உச்சம் 60, பெரும்பாலும் நிகழ்வது 40. குறைந்த அளவு ஒரு கணம்கூட இருக்கலாம். இரத்தம் இருபத்தைந்தாம் நாள் நின்றுவிட்டால் அன்றே குளித்துத் தொழ வேண்டும். நாற்பது குளிப்பு வரை காத்திருந்தால் பதினைந்து நாளில் 75 பர்ளுத் தொழுகைகள் விட்டுப்போகும், அவற்றைக் களாச் செய்ய வேண்டிவரும். நிஃபாஸ் நாட்களில் விட்ட தொழுகைகளுக்குக் களா இல்லை, விட்ட நோன்புகளுக்கு உண்டு.

நின்ற இரத்தம் திரும்ப வந்தால்? ஹனஃபியில் நாற்பதுக்குள் வந்தது எல்லாமே நிஃபாஸ். இடையில் வைத்த நோன்புகளைத் திரும்ப வைக்க வேண்டும். ஷாஃபியில் அறுபது நாளுக்குள், இடைவெளி பதினைந்து நாளை எட்டாமல் திரும்பினால் நிஃபாஸின் தொடர்ச்சி. பதினைந்து நாள் சுத்தமாக இருந்து பிறகு வந்தால் அது மாதவிடாய்க் கணக்கு. உச்ச அளவையும் தாண்டி ஓடினால் அது நோய் இரத்தம். துணி கட்டி, ஒவ்வொரு வக்துக்கும் உளூச் செய்து தொழ வேண்டும், டாக்டரையும் பார்க்க வேண்டும். சிசேரியனுக்கும் இதே சட்டம்தான். குளிக்கும்போது தையலில் தண்ணீர் படக் கூடாது என்றால், ஷாஃபியில் மற்ற இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் தடவி, தயம்மும் (மண்ணைத் தொட்டுத் தடவும் சுத்தம்) சேர்த்துச் செய்ய வேண்டும். ஹனஃபியில் மற்ற இடங்களைக் கழுவிக் கட்டின் மேல் தடவினால் போதும். ஹனஃபிகள் வாய் கொப்பளிப்பதையும் மூக்குக்கு நீர் செலுத்துவதையும் குளிப்பில் விட்டுவிடக் கூடாது.

தொடக்கோடு (தீட்டோடு) இருப்பவளை மூலையில் ஒதுக்கி வைப்பது மார்க்கம் அல்ல. ஹிஜ்ரி 10 இல் கடைசி ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட வழியில், துல்ஹுலைஃபாவில் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளை அபூபக்கர் (ரலி) அவர்களின் மகன் முஹம்மது. நபி (ஸல்), அஸ்மாவை ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. குளித்து, துணி கட்டிக்கொண்டு இஹ்ராம் அணியச் சொன்னார்கள். தொழுகை, நோன்பு, தவாஃப், முஸ்ஹஃபைத் தொடுவது, குர்ஆன் ஓதுவது, கணவனோடு உடலுறவு ஆகியவை தடை. திக்ரு, ஸலவாத்து, துஆ, ஓதுவதைக் காதால் கேட்பது எதற்கும் தடையில்லை. ஆயத்துல் குர்ஸியைக்கூட ஓதும் நிய்யத்து இல்லாமல் பாதுகாப்புக்கான திக்ராகச் சொல்லலாம்.

அந்த நாட்களில் பிள்ளைக்கு ஓத நபிவழியில் வந்த அழகான துஆ ஒன்று உண்டு. ஹஸன், ஹுஸைன் இருவருக்கும் நபி (ஸல்) ஓதினார்கள், இப்ராஹீம் (அலை) தம் பிள்ளைகளுக்கு ஓதியது என்றும் சொன்னார்கள். ஆண் பிள்ளைக்கு ‘உஈதுக’, பெண் பிள்ளைக்கு ‘உஈதுகி’ என்று ஆரம்பித்து, ‘பிகலிமாத்தில்லாஹித் தாம்மஹ், மின் குல்லி ஷைத்தானின் வஹாம்மஹ், வமின் குல்லி ஐனின் லாம்மஹ்’ என்று முடிக்க வேண்டும். அல்லாஹ்வின் முழுமையான சொற்களைக் கொண்டு ஷைத்தான், விஷ ஜந்து, தீய கண் எல்லாவற்றிலிருந்தும் உனக்குப் பாதுகாப்புத் தேடுகிறேன் என்பது பொருள். கண்ணேறுக்குக் கறுப்புக் கயிறு கட்டுகிறவர்கள் இதை மனப்பாடம் செய்யலாமே. வயிற்றில் இருக்கும்போது யூசுஃப் சூரா ஓதினால் பிள்ளை அழகாகும் என்பதற்கு ஹதீஸ் இல்லை. குர்ஆன் ஓதுவது என்றைக்கும் நல்லதே, ஆனால் அந்த வாக்குறுதி நாமாகச் சேர்த்தது. குர்ஆன் காட்டும் முன்மாதிரி வேறு. மர்யம் (அலை) அவர்களின் தாயான இம்ரானின் மனைவி வயிற்றுப் பிள்ளையை அல்லாஹ்வுக்கு நேர்ந்துகொண்டார். பிறந்ததும் அவளையும் அவள் சந்ததியையும் ஷைத்தானிடமிருந்து காக்கும்படி கேட்டார் (3:35, 36). 7:189 வசனத்தில், வயிறு கனத்தபோது துஆக் கேட்பது கணவன் மனைவி இருவரும்.

கரு கலைந்தால்

கலைந்த தாயிடம் ‘இன்னொண்ணு பொறக்கும்’ என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். பிள்ளைகளில் மூன்று பேரைப் பறிகொடுத்தவளுக்கு அவர்கள் நரகத்திலிருந்து திரையாவார்கள் என்று நபி (ஸல்) பெண்களிடம் சொன்னபோது, இருவர் என்றாலுமா என்று ஒரு பெண் கேட்டார். இருவர் என்றாலும்தான் என்றார்கள். துக்கத்துக்கு அவ்வளவு இடம் கொடுத்த மார்க்கம் இது.

120 நாளில் ரூஹ் (உயிர்) ஊதப்படுவதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸிலிருந்து அறிஞர்கள் எடுத்த நான்கு மாதக் கணக்குதான் ஷாஃபி சட்டத்துக்கு அடிப்படை. நான்கு மாதம் கடந்து உயிரின் அடையாளம் இல்லாமல் பிறந்தால் குளிப்பாட்டித் துணியில் சுற்றி அடக்க வேண்டும், ஜனாஸாத் தொழுகை இல்லை. அழுதோ அசைந்தோ இறந்திருந்தால் தொழுகையும் உண்டு. அதற்கு முந்தியது என்றால் துணியில் சுற்றிப் புதைப்பது சுன்னத்து. ஹனஃபியிலும் உறுப்புகள் உருவான பிள்ளைக்குப் பெயரிட்டு, கழுவி, சுற்றி அடக்குவார்கள். ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் மருத்துவக் கழிவோடு போய்விடும். அட்மிஷன் போடும்போதே நர்ஸிடம் கேட்டு வையுங்கள். கலைந்த பின் வரும் இரத்தம், ஹனஃபியில் விரல், நகம் போன்ற ஏதாவது ஓர் உருவம் தெரிந்திருந்தால் நிஃபாஸ். ஷாஃபியில் மனிதக் கருவின் தொடக்கம் என்று மருத்துவர் உறுதிசெய்த சதைத்துண்டாக இருந்தாலே நிஃபாஸ்.

பால்

முதலில் வரும் சீம்பாலைப் பிழிந்து கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் வழக்கம் இன்னும் முழுசாக ஒழியவில்லை. ஷாஃபி நூல்கள் சீம்பாலைப் புகட்டுவது தாயின் மீது கடமை என்றே சொல்கின்றன, அது இல்லாமல் பிள்ளை பெரும்பாலும் பிழைக்காது என்ற காரணத்தோடு. தஹ்னீக் (பிறந்த பிள்ளையின் வாயில் இனிப்பைத் தடவுவது) செய்யலாம். குபாவில் அபூபக்கர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) பெற்ற அப்துல்லாஹ் இப்னு ஸுபைருக்கு நபி (ஸல்) பேரீச்சையை மென்று வாயில் வைத்தார்கள். நாம் செய்யும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் கனிந்த பழத்தின் சாற்றை விரல் நுனியளவு மேல்வாயில் தடவினால் போதும். நாரும் துண்டும் தொண்டையில் போகக் கூடாது. தேன் வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே தேனால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரக்கூடும்.

2:233 வசனம் பாலூட்டலைச் சொன்ன மறு வரியிலேயே அவளுடைய உணவையும் உடையையும் தந்தையின் மீது போடுகிறது. பிள்ளையை வைத்துத் தாயைத் துன்புறுத்தக் கூடாது என்கிறது. 65:6 இன்னும் ஒரு படி மேலே போய், தலாக் சொல்லப்பட்ட கர்ப்பிணிக்குப் பிரசவம்வரை செலவும், அதன் பிறகு பாலூட்டினால் கூலியும் கொடுக்கச் சொல்கிறது. ‘கலிமா சொன்னவளுக்குப் பால் கொடுக்கக் கசக்குமா’ என்று பேசும் வீடுகள், அவளுக்குத் தனியாகப் பாலும் முட்டையும் வாங்கக் கணக்குப் பார்ப்பது வேதனை. இரண்டு வருடத்துக்கு முன் பால் மறக்கடிப்பதாக இருந்தால் இருவரும் கலந்து பேசி, இருவரும் பொருந்த வேண்டும் என்பதும் அதே வசனம்தான். மாமியார் சொன்னார் என்று மருமகள் மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்வது அந்தக் கலந்தாலோசனை அல்ல.

அக்கா தங்கைகள் ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் பால் கொடுப்பதும், பால் வங்கியில் வாங்குவதும் இப்போது நடக்கிறது. இரண்டு வயதுக்குள் குடித்தால் பால்குடி உறவு உண்டாகும். ஹனஃபியில் ஒரு தடவை, ஒரு சொட்டு வயிற்றுக்குள் போனாலே போதும். ஷாஃபியில் தனித்தனியாக ஐந்து தடவை. அந்தத் தாயின் பிள்ளைகள் எல்லாரும் இந்தப் பிள்ளைக்கு உடன்பிறப்பு ஆவார்கள், அவர்களுக்குள் நிகாஹ் ஹராம். சித்தி மகள், பெரியம்மா மகன் என்று சொந்தத்திலேயே சம்பந்தம் பேசும் குடும்பங்களில் இருபது வருடம் கழித்து இது வெடிக்கும். யார் யாருக்கு, எந்த மாதம், எத்தனை தடவை கொடுத்தது என்று எழுதி, இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பால் வங்கியில் வாங்குவதாக இருந்தால் கொடுத்தவர் யாரென்று தெரிந்துகொள்ள முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். தெரிய வழியில்லை, பிள்ளைக்கும் அது இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தால் அன்றே ஓர் ஆலிமிடம் விவரத்தைச் சொல்லிக் கேட்டு, அவர் சொன்னதையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.